தெருவுக்குச் சேர வேண்டிய சேதி

கொள்ளைநோய்க் காலத்தில் மாநகராட்சியும் ஊராட்சியும் மக்களிடம் எதைச் சொல்ல வேண்டும்? கொரோனா காலத்துச் சென்னையும், தாராவி, பத்தனம்திட்டா, சியோல் அனுபவங்களும் தரும் பாடங்கள்.

2020 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை. சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிப் பகுதிகளில் ஞாயிற்றுக்கிழமை காலை தொடங்கி நான்கு நாட்களுக்கு முழு ஊரடங்கு என்று தமிழக அரசு அறிவித்தது. மளிகைக் கடைகள் திறக்காது, காய்கறியும் பழமும் நடமாடும் வண்டிகளில் மட்டும் கிடைக்கும் என்றது அறிவிப்பு. இடையில் இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை. அன்று காலை கோயம்பேடு சந்தையில் கால் வைக்க இடமில்லை. நகரம் முழுக்க மளிகைக் கடை வாசல்களில் கூட்டம் முண்டியடித்தது. இடைவெளி விட்டு நில்லுங்கள் என்று ஒரு மாதமாகச் சொல்லிவந்த அரசின் வார்த்தையை, அதே அரசின் இன்னொரு அறிவிப்பு ஒரே காலையில் செல்லாததாக்கிவிட்டது. கடை கிடையாது என்ற பாதிச் செய்திதான் மக்கள் மனதில் தைத்தது. வண்டி வரும் என்ற மறுபாதி யார் காதிலும் ஏறவில்லை.

பின்னால் வந்த தொற்றுக்கெல்லாம் அந்த ஒரு நாள் கூட்டத்தைக் காரணமாக்கிவிட முடியாது. ஆனால் அடுத்த சில நாட்களில் கோயம்பேட்டு வியாபாரிகள், சுமை தூக்குவோர், லாரி ஓட்டுநர்கள் என்று வரிசையாகத் தொற்று தெரியவந்தது. மே 5-ம் தேதி சந்தை மூடப்பட்டது. காய்கறி மொத்த வியாபாரம் திருமழிசைக்குப் போனது. வேலை இழந்த கூலித் தொழிலாளர்கள் கிடைத்த வண்டியில் ஏறி ஊர் திரும்பினார்கள். கடலூர், விழுப்புரம், அரியலூர் மாவட்டங்களில் எண்ணிக்கை சட்டென்று எகிறியது. கோயம்பேட்டிலிருந்து யார் யார் வந்திருக்கிறார்கள் என்று அங்கிருந்த அதிகாரிகளும் ஊராட்சிகளும் ஊர் ஊராகத் தேட வேண்டியதாயிற்று.

ஊரடங்கு சரியா தவறா என்பது தனி விவாதம். கோயம்பேடு எழுப்புவது வேறொரு கேள்வி: நோய்க்காலத்தில் ஒரு தகவலை யார், எப்போது, எந்த அளவுக்கு, யாரிடம் சொல்ல வேண்டும்? தலைநகரத்திலிருந்து வரும் அறிவிப்பு மாநிலம் முழுமைக்கும் பொதுவானது. ‘என் தெருவில் காய்ச்சல் இருக்கிறதா, பரிசோதனை எங்கே செய்கிறார்கள், அப்பாவுக்கு மூச்சுத் திணறினால் யாருக்குப் போன் போடுவது’ என்று கேட்பவருக்குப் பதில் சொல்லக்கூடிய அரசு, உள்ளாட்சி அரசுதான். அந்த அரசு அன்று எப்படி இருந்தது, எதைச் செய்தது, எதைத் தவறவிட்டது என்பதை இப்போதே பேசியாக வேண்டும். அடுத்த நோய்க்காலத்தில் நிதானமாகப் பேச நேரம் இருக்காது.

மாலை நேரத்து எண்கள்

தமிழகத்தில் முதல் கொரோனா நோயாளி உறுதியானது 2020 மார்ச் 7-ல். அதன்பின் சில வாரங்களில் மாலை நேரத்துச் செய்தியாளர் சந்திப்பு வீட்டுக்கு வீடு பார்க்கும் நிகழ்ச்சியாகிவிட்டது. அன்றைய சுகாதாரத் துறைச் செயலர் பீலா ராஜேஷ் எண்களை வாசிக்க, குடும்பங்கள் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தன. தினசரி அறிக்கையில் மாவட்ட வாரியாகப் புதிய தொற்று, குணமானோர், பரிசோதனை எண்ணிக்கை, வயதுப் பிரிவு எல்லாம் இருந்தன. ஒவ்வொரு மரணத்துக்கும் தனிக் குறிப்பு இருந்தது. பெயர் இல்லாமல் வயது, பாலினம், மாவட்டம், முன்பே இருந்த நோய்கள், எந்த வகை மருத்துவமனை, சேர்ந்த நாள், இறந்த நாள் என்று அந்தக் குறிப்புகள் சொல்லின. இந்தியாவின் பல மாநிலங்கள் வெறும் கூட்டுத்தொகையோடு நிறுத்திக்கொண்ட காலத்தில் இது பெரிய விஷயம். சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம் என்பதை எந்த விழிப்புணர்வுப் படத்தையும்விட அழுத்தமாக அந்தக் குறிப்புகளே சொல்லிவிட்டன.

நோயாளிகளைக் குறிப்பிடும் முறையிலும் ஒரு திருத்தம் நடந்தது. டெல்லியில் நடந்த ஒரு மதக் கூட்டத்துக்குப் போய் வந்தவர்களிடம் தொற்று தெரியவந்தபோது, முதல் சில நாட்கள் அந்தக் கூட்டத்தின் பெயர் அறிக்கைகளில் அடிபட்டது. சமூக ஊடகங்களில் ஒரு சமூகத்தின் மீதே வெறுப்பு திரும்பியது. அதன்பின் தமிழக அறிக்கைகள் அந்தப் பெயரைக் கைவிட்டு, ‘ஒரே மூலத்திலிருந்து’ பரவிய தொற்று என்று மட்டும் எழுதத் தொடங்கின. தொற்றைத் தேடும் வேலைக்கு இதனால் எந்தக் குறையும் வரவில்லை. கூட்டத்துக்குப் போனவர்கள் அச்சமின்றிப் பரிசோதனைக்கு வருவதற்கு இந்த மாற்றம் முதல் வாரத்திலேயே வந்திருக்க வேண்டும்.

சென்னை மாநகராட்சி தன் பங்குக்கு மண்டல வாரியான பட்டியலை நாள்தோறும் வெளியிட்டது. மொத்தம் 15 மண்டலங்கள். மே மாதத்தில் ராயபுரம் அந்தப் பட்டியலின் உச்சியில் நின்றது. திரு.வி.க. நகரும் கோடம்பாக்கமும் தண்டையார்பேட்டையும் பின்தொடர்ந்தன. பட்டியல் ஒழுங்காக வந்தது, எளிதாகப் பகிரும் வடிவத்தில் வந்தது. ஆனால், ஒரு மண்டலத்தில் சராசரியாக நான்கு லட்சம் பேருக்கு மேல் வாழ்கிறார்கள். ராயபுரத்தில் ஆயிரம் பேருக்குத் தொற்று என்றால், மண்ணடியில் இருப்பவர் அதை வைத்து என்ன செய்ய முடியும்? அச்சப்படத்தான் முடியும். தகரத் தடுப்பு அடித்த தெருக்களின் பட்டியல் தனியாக வந்தாலும், அந்தத் தெருக்காரர்கள் தகரத்தைப் பார்த்துத்தான் செய்தியைத் தெரிந்துகொண்டார்கள்.

இந்த இடைவெளியை நிரப்பியவர்கள் களப்பணியாளர்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தினமும் வீடு வீடாகப் போய்க் காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல் உண்டா என்று விசாரித்தார்கள். தெருமுனைகளில் காய்ச்சல் முகாம்கள் நடந்தன. தனிமையில் இருந்த குடும்பங்களுக்குக் காய்கறியும் மருந்தும் வாங்கித்தரக் கல்லூரி மாணவர்கள் தன்னார்வலர்களாக வந்தார்கள். ஒரு தெருவில் எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்பது அந்தப் பணியாளரின் நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. அங்கிருந்து அது மேலே போனது. மேலே போன தகவல் அதே தெருவுக்குத் திரும்பி வரும் வழிதான் சரியாக அமையவில்லை.

கவுன்சிலர் இல்லாத 200 வார்டுகள்

இந்தக் குறைக்குப் பின்னால் அதிகம் பேசப்படாத ஒரு காரணம் உண்டு. கொரோனா வந்தபோது சென்னை மாநகராட்சிக்கு மேயர் இல்லை. 200 வார்டுகளில் ஒன்றுக்குக்கூட கவுன்சிலர் இல்லை. 2016 அக்டோபரில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-ல்தான் நடந்தது. இரண்டு பெரிய அலைகளும் அடித்து ஓய்ந்த பிறகு, 2022 மார்ச்சில் புதிய மாமன்றம் பதவியேற்றது. இந்தியாவின் மிகப் பழைய மாநகராட்சி, நூற்றாண்டில் ஒருமுறை வரும் நோயை மக்கள் பிரதிநிதிகளே இல்லாமல் எதிர்கொண்டது.

அதிகாரிகள் உழைக்கவில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. பலர் நோய்வாய்ப்பட்டும் மீண்டு வந்து வேலை பார்த்தார்கள். ஆனால் ஓர் உதவிப் பொறியாளரையோ சுகாதார ஆய்வாளரையோ தெருக்காரர்களுக்குப் பெயர் சொல்லத் தெரியாது. வார்டு கவுன்சிலரின் வீடு எல்லோருக்கும் தெரியும். தகரத்தை ஏன் அடித்தீர்கள், எப்போது எடுப்பீர்கள், கேன் தண்ணீர் வரவில்லை, பாட்டிக்கு மாத்திரை இல்லை என்று நடுராத்திரியிலும் அந்தக் கதவைத் தட்டலாம். கேட்கத் தோதான ஆள் இருந்தால்தான் சொல்லப்படும் செய்தியும் நம்பப்படும். மாநகராட்சி தொலைபேசி ஆலோசனை மையத்தை நடத்தியது, 1913 என்ற எண்ணும் இருந்தது. எதிர்முனையில் பேசுபவருக்கு அந்தத் தெருவைத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மும்பையில் நிலை வேறு. அங்கே 2017-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றம் செயல்பட்டுக்கொண்டிருந்தது. அன்றைய மேயர் கிஷோரி பெட்னேகர் முன்னாள் செவிலியர். 2020 ஏப்ரலில் செவிலியர் சீருடை அணிந்து நாயர் மருத்துவமனைக்கே போனார். மாநகராட்சி தன் 24 வார்டு அலுவலகங்களிலும் தனித்தனியாகக் கட்டுப்பாட்டு அறைகளைத் திறந்தது. தொற்று உறுதியானவர்களின் பட்டியல் வார்டு வாரியாகப் பிரிந்து அந்த அறைகளுக்குப் போக, அங்கிருந்து மருத்துவர்கள் நோயாளியை அழைத்துப் பேசி, யாருக்குப் படுக்கை, யாருக்கு வீட்டுத் தனிமை என்று முடிவு செய்தார்கள். நகரம் முழுவதும் ஒரே எண்ணுக்கு மோதும் நிலை இதனால் தவிர்ந்தது.

தாராவியும் அப்படி ஒரு வார்டுக்குள் அடங்கியதுதான். சுமார் இரண்டரை சதுர கிலோமீட்டரில் எட்டு லட்சம் பேருக்கு மேல் வாழும் இடம். அவர்களில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் தோல் தொழிலுக்குப் போன தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். 2020 ஏப்ரல் 1-ல் அங்கே முதல் தொற்று தெரிந்தபோது, பிணங்கள் குவியும் என்றே பலரும் பயந்தார்கள். ஜி-வடக்கு வார்டு அலுவலகம் தாராவி, தாதர், மாஹிம் மூன்றுக்கும் தினமும் தனித்தனி எண்களைச் சொன்னது. அதைவிட முக்கியமாக, தாராவிக்குள்ளேயே வருடக்கணக்கில் கிளினிக் வைத்திருந்த தனியார் மருத்துவர்களைக் காய்ச்சல் சோதனைக்குக் கூட்டிக்கொண்டது. பாதுகாப்பு உடையில் வரும் முகம் தெரியாத அதிகாரியைக் கண்டு கதவைச் சாத்தும் குடும்பம், தன் பிள்ளைக்கு ஊசி போட்ட டாக்டர் வந்தால் கதவைத் திறக்கும். அந்த ஆண்டு டிசம்பர் 25-ல் தாராவியில் ஒரு புதிய தொற்றுகூடப் பதிவாகவில்லை.

தமிழக கிராமங்களில் நிலைமை சென்னையைவிடச் சற்று மேல். 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்து, ஊராட்சித் தலைவர்கள் ஜனவரியில்தான் பொறுப்பேற்றிருந்தார்கள். பொறுப்பேற்று மூன்று மாதங்களுக்குள் ஊரடங்கு. ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ, கோயில் மைக், வாட்ஸ்அப் குழு என்று கையில் கிடைத்ததையெல்லாம் வைத்து அவர்கள் செய்தியைப் பரப்பினார்கள். தெளிவான தகவல் போகாத ஊர்களில் வேறு விதமாகவும் நடந்தது. முள்ளை வெட்டிப் போட்டு ஊர் எல்லையை அடைத்து, வெளியூரிலிருந்து வந்த சொந்த ஊர்க்காரர்களையே உள்ளே விடாமல் நிறுத்தினார்கள். கூடிப் பேச வேண்டிய கிராம சபையும் 2020 அக்டோபர் 2-ல் கொரோனாவைக் காரணம் காட்டி ரத்து செய்யப்பட்டது.

கதவில் ஒட்டிய தாள்

எவ்வளவு சொல்வது என்ற கேள்விக்கு மறுபக்கமும் உண்டு. சொல்லக் கூடாததைச் சொன்னால் என்ன நடக்கும்?

2020 மார்ச் இறுதியில் வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களின் வீட்டுக் கதவுகளில் சென்னை மாநகராட்சி தனிமைப்படுத்தல் அறிவிப்பை ஒட்டியது. ஆழ்வார்பேட்டையில் நடிகர் கமல்ஹாசனுக்குச் சொந்தமான கட்டடத்திலும் ஒட்டினார்கள். அது தவறு என்று தெரிந்து பிறகு அகற்றினார்கள். ஒருவரின் பாஸ்போர்ட்டில் இருந்த பழைய முகவரியை நம்பியதால் வந்த குழப்பம் அது. பிரபலம் என்பதால் சில மணி நேரத்தில் திருத்தம் வந்துவிட்டது. சந்து வீட்டில் வாடகைக்கு இருப்பவர் கதவில் தவறாக ஒட்டப்பட்டிருந்தால், அதைக் கழற்றும் வரை பால்காரரும் வரமாட்டார், வீட்டுக்காரரும் விடமாட்டார்.

கர்நாடகத்தில் ஒரு படி மேலே போனார்கள். தனிமையில் இருப்பவர்களின் வீட்டு முகவரிகள் அடங்கிய பட்டியலையே மாவட்ட வாரியாக வெளியிட்டார்கள். அவை சில நிமிடங்களில் வாட்ஸ்அப்பில் பறந்தன. வீடுகளில் நோட்டீஸ் ஒட்டுவது பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒட்டப்பட்ட வீட்டுக்காரர்கள் தீண்டத்தகாதவர்களைப் போல நடத்தப்படுகிறார்கள் என்று நீதிபதிகள் கவலைப்பட்டார்கள். பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் உரிய அதிகாரி தனியாக உத்தரவிட்டாலன்றி ஒட்டக் கூடாது என்று 2020 டிசம்பர் 9-ல் தீர்ப்பு வந்தது. அதற்குள் முதல் அலையே வடிந்துகொண்டிருந்தது.

அதே மார்ச் மாதத்தில் கேரளத்தின் பத்தனம்திட்டா மாவட்ட நிர்வாகம் வேறு வழியைக் காட்டியது. இத்தாலியிலிருந்து திரும்பிய ஒரு குடும்பத்துக்குத் தொற்று உறுதியானது. அவர்கள் பிப்ரவரி 29 முதல் மார்ச் 6 வரை எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்தக் கடைக்கு, எந்த அலுவலகத்துக்குப் போனார்கள் என்று ஒரு வழித்தடப் படம் தயாராயிற்று. அதில் ஆள் பெயர் இல்லை. அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருந்தவர்கள் இந்த எண்ணுக்கு அழையுங்கள் என்று தொலைபேசி எண் இருந்தது. அப்போதைய ஆட்சியர் பி.பி. நூஹ் தலைமையிலான குழுவின் இந்த முறையைக் கேரளத்தின் மற்ற மாவட்டங்களும் பின்பற்றின. ஊர்ப் பேச்சில் அந்தக் குடும்பம் அடிபடாமல் இல்லை. ஆனாலும் அரசு தன் கையால் அவர்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. படத்தைப் பார்த்தவரின் கேள்வியும் மாறியது: நான் அன்று அங்கே இருந்தேனா?

சியோல் மேயரின் இரவு அறிவிப்பு

இந்த வழித்தட முறைக்கு முன்னோடி தென்கொரியா. அந்த நாடு அதை ஒரு கசப்பான அனுபவத்தில் கற்றது. 2015 மே மாதம் மெர்ஸ் நோய் அங்கே நுழைந்தது. பரவியது பெரும்பாலும் மருத்துவமனைகளுக்குள்தான். ஆனால் மருத்துவமனைகளின் பெயரைச் சொன்னால் பீதி கிளம்பும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் மறைத்தது. எது பாதுகாப்பானது என்று தெரியாமல் மக்கள் எல்லா மருத்துவமனைகளையும் சந்தேகித்தார்கள். தெரியாத சிலர் தொற்றுள்ள மருத்துவமனைக்கே போனார்கள்.

ஜூன் 4 இரவு பத்து மணிக்கு மேல் சியோல் மேயர் பார்க் வோன்-சூன் செய்தியாளர்களை அழைத்தார். தொற்றுள்ள மருத்துவர் ஒருவர் 1,500-க்கும் மேற்பட்டோர் கூடிய கூட்டத்தில் கலந்துகொண்டிருக்கிறார், அவர்கள் எல்லோரையும் மாநகரம் தொடர்புகொண்டு வீட்டில் இருக்கச் சொல்லும் என்று அறிவித்தார். அமைச்சகம் மேயரைக் கண்டித்தது. சம்பந்தப்பட்ட மருத்துவர், அப்போது தனக்கு அறிகுறியே இல்லை என்று மறுத்தார். மேயரின் விவரங்கள் எல்லாம் துல்லியமா என்ற சர்ச்சை நீடித்தது. ஆனால் மௌனம் உடைந்துவிட்டது. மூன்று நாளில், ஜூன் 7-ல், அமைச்சகம் 24 மருத்துவமனைகளின் பெயர்களை வெளியிட்டது. மொத்தம் 186 பேரைத் தாக்கி 38 பேரைக் கொன்ற அந்த நோய்க்குப் பிறகு, தொற்று பரவிய இடங்களை மக்கள் அறியும் உரிமை சட்டத்திலேயே எழுதப்பட்டது.

அந்தச் சட்டத்தோடுதான் தென்கொரிய நகரங்கள் 2020-ஐச் சந்தித்தன. ஒவ்வொரு மாவட்ட அலுவலகமும் தன் எல்லைக்குள் இருக்கும் கைப்பேசிகளுக்கு அவசரச் செய்தி அனுப்பியது. நோயாளியின் வயது, பாலினம், போன உணவகம், ஏறிய பேருந்து, நேரம் எல்லாம் அதில் வந்தன. இந்த முறை தவறு எதிர்ப்பக்கத்தில் நேர்ந்தது. துண்டு துண்டான விவரங்களைக் கோத்து ஆட்களை அடையாளம் கண்டுபிடித்தார்கள். யார் யாருடன் எங்கே தங்கினார் என்று இணையத்தில் கிசுகிசு எழுதினார்கள். மார்ச் 9-ல் தேசிய மனித உரிமை ஆணையம் கவலை தெரிவித்தது. சில நாட்களில் நோய்க் கட்டுப்பாட்டு மையம், தேவைக்கு மிஞ்சிய விவரங்களை வெளியிட வேண்டாம் என்று உள்ளாட்சிகளுக்கு வழிகாட்டு விதிகளை அனுப்பியது.

மே மாதத்தில் சியோலின் இதேவோன் பகுதி இரவு விடுதிகளில் தொற்று வெடித்தபோது அந்தப் பாடம் கைகொடுத்தது. அவற்றில் சில, தன்பாலின ஈர்ப்பாளர்கள் கூடும் விடுதிகள். பெயர் வெளியே வந்தால் வேலையும் குடும்பமும் போய்விடும் என்று பலர் பரிசோதனைக்கு வர அஞ்சினார்கள். சியோல் மாநகரம், பெயர் சொல்ல வேண்டாம், தொலைபேசி எண் மட்டும் போதும் என்று அறிவித்தது. பரிசோதனைக்கு வருவோர் எண்ணிக்கை கூடியது. இடத்தை முழுமையாகச் சொல்லி, ஆளை முழுமையாக மறைத்தால் இரண்டு நன்மையும் கிடைக்கும் என்று அந்த நகரம் ஐந்தாண்டுக்குள் இரண்டு முறை தடுமாறிக் கற்றுக்கொண்டது.

விட்டுப்போன 444 பேர்

எண்ணை மறைக்கும் பழக்கம் மிகப் பழையது. 1918 இன்ஃப்ளுயென்சாவின்போது அமெரிக்காவின் பிலடெல்பியா நகரச் சுகாதார இயக்குநர் வில்மர் குருசென், இது சாதாரணக் காய்ச்சல்தான் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மருத்துவர்கள் எச்சரித்தும், செப்டம்பர் 28-ல் போர்க் கடன் பத்திர ஊர்வலத்தை நடத்த விட்டார். இரண்டு லட்சம் பேர் திரண்டார்கள். மூன்றே நாளில் மருத்துவமனைகள் நிரம்பின. ஆறு வாரங்களில் 12 ஆயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். செயின்ட் லூயிஸ் நகரில் மேக்ஸ் ஸ்டார்க்லாஃப் என்ற சுகாதார ஆணையர் நிலைமையை வெளிப்படையாகச் சொல்லிப் பள்ளிகளையும் அரங்குகளையும் முன்கூட்டியே மூடினார். அங்கே மரண விகிதத்தின் உச்சம் பிலடெல்பியாவின் உச்சத்தில் எட்டில் ஒரு பங்குதான்.

சென்னையில் 2020 ஜூனில் வெளிப்பட்டது வேறு வகைக் குறை. மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டில் இருந்த கொரோனா மரணங்களுக்கும் மாநில அரசின் தினசரி அறிக்கைக்கும் இடையே இருநூறுக்கும் மேற்பட்ட வித்தியாசம் இருப்பது தெரியவந்தது. ஒரே நகரத்தின் மரணங்களை இரண்டு அரசு அமைப்புகள் இரண்டு விதமாக எண்ணிக்கொண்டிருந்தன. அரசு ஒரு குழுவை அமைத்தது. மார்ச் 1 முதல் ஜூன் 10 வரையிலான மரணங்களை மறுபரிசீலனை செய்த அந்தக் குழுவின் அறிக்கைப்படி, ஜூலை 22 அன்று 444 மரணங்கள் ஒரே நாளில் கணக்கில் சேர்க்கப்பட்டன. மாநிலத்தின் மொத்த இறப்பு 3,144 ஆனது.

இதை அப்போதைய சுகாதாரத் துறைச் செயலர் ஜெ. ராதாகிருஷ்ணன் வெளிப்படையாக அறிவித்தார். தாமதமாக வந்தாலும் அந்தத் திருத்தம் பாராட்டத்தக்கது, மறைத்துவிட்டுப் போயிருக்கவும் முடியும். ஆனால் ஏப்ரலிலும் மேயிலும் குறைவான எண்ணைப் பார்த்து, இது பெரிய நோயில்லை என்று வெளியே கிளம்பியவர்களுக்கு ஜூலைத் திருத்தத்தால் பயன் இல்லை. இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் இது வெறும் புள்ளிவிவரம் இல்லை. கொரோனாவால் இறந்தோர் குடும்பத்துக்கு 50 ஆயிரம் ரூபாய் நிவாரணத்தை 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தபோது, மாநகராட்சி தந்த சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது என்று லட்சக்கணக்கான வீடுகள் பீரோவைத் திறந்து தேடின.

சுடுகாட்டு வாசலில்

உள்ளாட்சி பேசாத இடத்தில் வதந்தி பேசும். 2020 ஏப்ரல் 19 இரவு, கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்ய விடாமல் சென்னையில் ஒரு கும்பல் கல்லாலும் கட்டையாலும் தாக்கியது. ஆம்புலன்ஸ் கண்ணாடி உடைந்தது. ஊழியர்கள் ரத்தக் காயத்தோடு ஓடினார்கள். சக மருத்துவர் ஒருவர் பிறகு போலீஸ் காவலோடு திரும்பி வந்து, தானே மண்வெட்டியைப் பிடித்துக் குழியை மூடினார். உடலைப் புதைத்தால் மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் நோய் வரும் என்ற பேச்சுதான் அந்தக் கூட்டத்தைக் கூட்டியது. உரிய முறைப்படி அடக்கம் செய்தால் ஆபத்தில்லை என்ற வழிகாட்டலை மத்திய சுகாதார அமைச்சகம் மார்ச் மத்தியிலேயே வெளியிட்டிருந்தது. அந்தத் தாள் டெல்லியிலிருந்து மயானத்தை ஒட்டிய தெருக்களுக்கு வந்து சேரவில்லை. ஒரு வாரம் கழித்து, 1939-ம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தைத் திருத்தி, அடக்கத்தைத் தடுப்போருக்கு மூன்றாண்டு வரை சிறை என்று அவசரச் சட்டம் வந்தது. தண்டனையைச் சொல்வதில் இருந்த வேகம், விளக்கம் சொல்வதில் இருந்திருந்தால் ஒரு நல்ல மருத்துவரின் குடும்பத்துக்கு அந்த அவமானம் நேர்ந்திருக்காது.

இன்னொரு உதாரணம் 2021-ல். ஏப்ரல் 15-ம் தேதி நடிகர் விவேக் சென்னை அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொண்டு, மக்களையும் போடச் சொன்னார். மறுநாள் மாரடைப்பு. 17-ம் தேதி காலமானார். தடுப்பூசிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று சுகாதாரச் செயலரும் மருத்துவர்களும் உடனே விளக்கினார்கள். வதந்தி அதற்குள் கிராமங்களைத் தொட்டுவிட்டது. மத்திய ஆய்வுக் குழுவின் முடிவும் தொடர்பில்லை என்றுதான் வந்தது. ஆனால் அது வந்தது அக்டோபரில். இடைப்பட்ட ஆறு மாதங்களில் சந்தேகத்தைத் தீர்த்தவர்கள் கிராம சுகாதார செவிலியர்களும் ஊராட்சித் தலைவர்களும்தான். நாளை காலை இந்தப் பள்ளிக்கூடத்தில் முகாம் என்று முந்தின நாளே சொல்லி, வர முடியாத முதியவர்களைக் கூட்டிவந்தார்கள். 2021 செப்டம்பர் 12-ல் தமிழகம் முழுக்க 40 ஆயிரம் இடங்களில் நடந்த ஒரு நாள் முகாமில் 28 லட்சத்துக்கும் மேற்பட்ட தடுப்பூசிகள் போடப்பட்டன.

நோயின் பெயரை உள்ளபடி சொல்வதற்கும் அருகிலேயே உதாரணம் இருக்கிறது. 2022 ஜூலையில் காரைக்காலில் வயிற்றுப்போக்கு பரவியபோது, இது காலரா என்று புதுச்சேரி சுகாதாரத் துறை வெளிப்படையாக அறிவித்துப் பொதுச் சுகாதார அவசரநிலையைக் கொண்டுவந்தது. பள்ளி, கல்லூரிகளுக்கு மூன்று நாள் விடுமுறை விடப்பட்டது. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று உணவகங்களுக்கும் வீடுகளுக்கும் சொன்னார்கள். காலரா என்றதும் ஊரைவிட்டு யாரும் ஓடவில்லை. அடுப்பில் தண்ணீரை வைத்தார்கள்.

அடுத்த மழைக்கு முன்

கொரோனா போய்விட்டது என்று இந்தப் பாடங்களை மூட்டை கட்டிவிட முடியாது. டெங்கு ஆண்டுதோறும் வருகிறது. மத்திய அரசின் கணக்குப்படியே 2017-ல் தமிழகத்தில் 23,294 பேருக்கு டெங்கு கண்டது, 65 பேர் இறந்தார்கள். உள்ளூர்த் தகவல் எந்த நோயையும்விட டெங்குவில்தான் அதிகம் பயன்படும். ஏடிஸ் கொசு பெரும்பாலும் தான் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே வாழ்ந்து முடிக்கிறது. முட்டை கொசுவாக மாற ஒரு வாரம், பத்து நாள் போதும். மாவட்டத்தில் இத்தனை பேருக்கு டெங்கு என்ற செய்தியால் யாரும் தொட்டியைக் கழுவமாட்டார்கள். பக்கத்துத் தெருவில் இந்த வாரம் மூன்று பேருக்கு உறுதியாகியிருக்கிறது என்று தெரிந்தால் அன்று மாலையே மொட்டை மாடிக்குப் போவார்கள்.

தகவல் இல்லாமல் இல்லை. தொற்றுநோய் கண்டால் மருத்துவர் தெரிவிக்க வேண்டும் என்ற ஏற்பாட்டை 1939-லேயே சட்டமாக்கிய மாநிலம் இது. மாவட்டம்தோறும் நோய்க் கண்காணிப்புப் பிரிவு இருக்கிறது, மாநகராட்சிதோறும் மாநகர் நல அலுவலர் இருக்கிறார். காய்ச்சல் பட்டியல் தினமும் அலுவலகத்துக்கு வருகிறது. அதை வார்டு வாரியாகப் பிரித்து மக்களிடம் திருப்பிக் கொடுக்கும் கடைசி வேலைதான் பாக்கி.

அதற்கான மேடையும் இப்போது உருவாகியிருக்கிறது. நகரங்களில் வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் சட்டப்படி வந்துவிட்டன. 2022 நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று பம்மலில் நடந்த பகுதி சபையில் முதல்வர் மு.க. ஸ்டாலினே கலந்துகொண்டார். கிராம சபைகள் ஆண்டுக்கு நான்கு என்பது ஆறாக உயர்ந்தது. சாலை, குடிநீர், தெருவிளக்கோடு காய்ச்சல் கணக்கும் அங்கே கட்டாயப் பொருளாக வேண்டும். ஆனால் மேடை போட்டால் போதாது, பதில் சொல்ல ஆள் வேண்டும். 2025 ஜனவரி 5-ல் 28 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்து, தேர்தல் நடக்காமல் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். 2020-ல் சென்னைக்கு இருந்த அதே குறையைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனது இது. உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப்போடுவதைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாகவும் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

செலவு பெரிதாக ஒன்றும் இல்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன், ஒவ்வொரு ரேஷன் கடையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வார்டு அலுவலகத்திலும் ஒரு பலகை வைக்கலாம். வாரத்துக்கொருமுறை அதில் நான்கு விவரங்கள் எழுதப்பட வேண்டும்: இந்த வார்டில் எத்தனை பேருக்குக் காய்ச்சல், அதில் எத்தனை டெங்கு, எந்தத் தெருக்களில் கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டது, அடுத்த முகாம் எங்கே எத்தனை மணிக்கு. நோயாளியின் பெயரோ கதவு எண்ணோ அதில் வரக் கூடாது. போன வாரம் எழுதிய எண் தவறு என்றால், திருத்தமும் அதே பலகையில் வர வேண்டும். கீழே சுகாதார ஆய்வாளரின் பெயரும் வார்டு உறுப்பினரின் பெயரும், பகலிலும் இரவிலும் எடுக்கப்படும் தொலைபேசி எண்ணோடு இருக்க வேண்டும்.